காதல் முறிவுக்குப் பின் நலப் பழக்கங்களை மீட்டல்

காதல் முறிவுக்குப் பின் நலப் பழக்கங்களை மீட்டல் என்பது, காதல் உறவு ஒன்று முடிவுற்றபின் குலைந்துபோகும் உறக்கம், உணவு, உடலுழைப்பு, பிறருடன் பழகுதல் ஆகியவற்றை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். காதல் முறிவு ஒரு நோயன்று. இழப்பினால் விளையும் இயல்பான துயரமே ஆகும். எனினும் அத்துயரின்போது கைவிடப்படும் பழக்கங்கள் துயரை நீட்டிக்கக்கூடும். சிலருக்கு அது மனச்சோர்வு நோயாகவும் மாறலாம். மனம் தேறியபின் பழக்கங்கள் தாமே திரும்பும் என்பது பொதுவான எண்ணம். பழக்கங்களை முதலில் திருப்பினால் மனம் தேறுவது எளிதாகும் என்பதே இன்றைய உளவியல் சிகிச்சைகள் பலவற்றின் அடிப்படை. இக்கட்டுரை பொதுவான செய்திகளுடன், தேனி மாவட்டத்தின் தேவாரம், கம்பம் பள்ளத்தாக்குச் சூழலையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பழக்கங்கள் குலையும் விதம்

காதலர் இருவர் நெருங்கிப் பழகும்போது ஒருவர் மற்றவருக்குக் கடிகாரம் போல அமைந்துவிடுகிறார். காலையில் வரும் குறுஞ்செய்தி, கல்லூரிப் பேருந்தில் சந்திக்கும் நேரம், இரவில் "சாப்பிட்டாயா" என்னும் கேள்வி ஆகியவை நாளின் ஒழுங்கை நிலைநிறுத்துகின்றன. உறவு முறியும்போது இக்குறிப்புகள் அனைத்தும் ஒரே நாளில் மறைகின்றன. எலர்ஸ், ஃபிராங்க், குப்ஃபர் ஆகியோர் 1988-இல் முன்வைத்த கோட்பாடு இதனை விளக்குகிறது. உடலின் உள்கடிகாரத்தைச் சூரிய ஒளி மட்டுமன்றி, உணவு, வேலை, சந்திப்பு முதலிய சமூக நிகழ்வுகளும் சீராக வைக்கின்றன. நெருங்கியவரின் இழப்பு இந்நிகழ்வுகளைக் குலைப்பதால் உறக்கமும் மனநிலையும் குலைகின்றன என்பது அவர்கள் கருத்து.

மூளையிலும் இதன் தடம் உண்டு. எலன் ஃபிஷர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காதலில் கைவிடப்பட்டும் காதல் நீங்காத 15 பேருக்கு அவர்தம் முன்னாள் காதலரின் ஒளிப்படம் காட்டப்பட்டது. அப்போது, போதைப்பொருள் ஏக்கத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் கிளர்ச்சியுற்றன. பிரிந்தவரின் படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கத் தோன்றுவது மன உறுதியின் குறைவால் மட்டும் அன்று என்பதை இது உணர்த்துகிறது.

தமிழ் மரபில்

பிரிவு உடலைத் தாக்கும் என்பதைத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே பதிவு செய்துள்ளனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், பசலை படர்தல், உணவு குறைதல், உடல் மெலிதல், கண் துயிலாமை முதலியவற்றைக் காதலின் மெய்ப்பாடுகளாக வரிசைப்படுத்துகிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் 118-ஆம் அதிகாரம் கண்களின் வருத்தத்தையும், 119-ஆம் அதிகாரம் பசலையையும், 123-ஆம் அதிகாரம் மாலைப்பொழுது தரும் துயரையும், 124-ஆம் அதிகாரம் உறுப்புகள் பொலிவிழத்தலையும் கூறுகின்றன. மாலையும் இரவும் கடினமான பொழுதுகள் என்னும் கருத்து, பழக்கங்களைத் திட்டமிடுவோருக்கு இன்றும் பயன்படுவதாகும்.

திரைப்படங்கள் இதற்கு வேறொரு வடிவம் தந்தன. 1953-இல் வெளிவந்த தேவதாஸ் திரைப்படத்திற்குப் பின், தாடியும் மதுக்குப்பியும் காதல் தோல்வியின் அடையாளங்களாகத் தமிழகத்தில் நிலைபெற்றன. தன்னைக் கெடுத்துக்கொள்வதே காதல் உண்மையானது என்பதற்குச் சான்று என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது எனலாம். உண்பதும் உறங்குவதும் பிரிந்தவருக்குச் செய்யும் துரோகம் அன்று. இதனை ஏற்றுக்கொள்வதே பலருக்கு மீட்சியின் முதற்படியாக அமைகிறது.

மீட்கும் வழிகள்

உறக்கம்

உறங்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த இயலாது. விழிக்கும் நேரத்தை நிலைப்படுத்த இயலும். எனவே முதலில் மீட்க வேண்டியது எழும் நேரமாகும். இரவு எவ்வளவு குறைவாக உறங்கியிருப்பினும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் இருத்தல் வேண்டும். நெடிய பகலுறக்கத்தைத் தவிர்த்தல் நன்று. படுக்கையில் உறக்கம் வாராது புரள நேரின், எழுந்து அமர்ந்து, உறக்கம் வரும்போது மீண்டும் படுக்கலாம்.

உணவு

பசி திரும்பும்வரை காத்திராமல், நேரத்திற்குச் சிறிதளவேனும் உண்ணுதல் தக்கது. கம்பங்கூழ், கஞ்சி, மோர், இட்லி, வாழைப்பழம் போன்ற எளிய உணவுகள் போதும். தனியறையில் உண்பதைவிட வீட்டாருடன் அமர்ந்து உண்பது, அப்போது பேச்சு எதுவும் இல்லாவிடினும், உதவியாக இருக்கும். மாறாக, துயரில் அளவுக்கு மீறி உண்போரும் உளர். அவர்களுக்கும் நேர ஒழுங்கே முதல் மருந்தாகும்.

உடலுழைப்பு

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020-இல் பரிந்துரைத்தது. முறிவுக்குப் பின் உடனே இந்த அளவை எட்ட முயல வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிட நடையில் தொடங்கலாம். விருப்பம் வரும்வரை காத்திராமல், சிறு செயலைக் குறித்த நேரத்தில் செய்து, அதன்வழி மனநிலையை மாற்றும் இம்முறை, மனச்சோர்வுக்கான நடத்தைச் சிகிச்சைகளில் பயன்படுவதாகும்.

செல்பேசி

முன்னாள் காதலரின் சமூக வலைத்தளப் பக்கத்தைத் தொடர்ந்து நோட்டமிடுவோரிடம் துயரும் ஏக்கமும் மிகுந்து காணப்பட்டதாக, டாரா மார்ஷல் 2012-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நோட்டமிடுதலால் துயர் மிகுந்ததா, துயர் மிகுந்தமையால் நோட்டமிட்டனரா என்பதை இத்தகைய ஆய்வு உறுதிப்படுத்தாது. எனினும், படங்களை அழிக்க மனம் வாராதோர் அவற்றை நம்பகமான நண்பரிடம் ஒப்படைத்தலும், இரவில் செல்பேசியை வேறு அறையில் வைத்தலும் தீங்கற்ற வழிகளாகும்.

எழுதுதல்

நாட்குறிப்பில் மனத்தைக் கொட்டுவது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. வாழ்க்கைத்துணையைப் பிரிந்தோரிடையே டேவிட் ஸ்பாரா குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததையே ஓயாது எண்ணிக்கொண்டிருக்கும் இயல்பினர், உணர்வுகளை எழுதியபோது பயன்பெறவில்லை. அன்றாட அலுவல்களை மட்டும் எழுதியோரே நன்கு தேறினர். "இன்று ஆறு மணிக்கு எழுந்தேன், இரண்டு வேளை உண்டேன்" என்னும் அளவிலான குறிப்பு இத்தகையோருக்கு ஏற்றது.

மது

மது உறக்கத்தை விரைவில் தருவதுபோல் தோன்றினும், பின்னிரவு உறக்கத்தைக் கெடுக்கிறது, மனச்சோர்வையும் மிகுவிக்கிறது. முறிவுக்குப் பின் தொடங்கும் குடிப்பழக்கம் துயர் நீங்கிய பின்னும் நிலைத்துவிடலாம். துயரில் இருப்பவரைத் தேற்றுவதற்கென மதுக்கடைக்கு அழைத்துச் செல்லும் நண்பர் அவருக்கு நன்மை செய்வதில்லை.

தேவாரம் வட்டாரச் சூழல்

தேவாரம், உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சியாகும். கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கை வேளாண்மையைச் சார்ந்தது. நெல், திராட்சை, தென்னை, வாழை ஆகியவற்றின் வேலைகளும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்கு சீப்புகளில் செல்லும் கூலி வேலையும் அதிகாலையிலேயே தொடங்குகின்றன. இவ்வேலை நேரமே ஒரு கடிகாரமாகும். முறிவுற்றவர் சில நாட்கள் ஓய்வெடுப்பதில் தவறில்லை. ஆனால் வேலையையோ படிப்பையோ முழுவதும் கைவிடுவது, எஞ்சியிருக்கும் கடிகாரத்தையும் நிறுத்திவிடுவதற்கு ஒப்பாகும்.

சிற்றூர்களில் காதல் பெரும்பாலும் மறைவாகவே நிகழ்கிறது. அதனால் அதன் முறிவும் மறைவாகவே நிகழ்கிறது. இறப்பு நேர்ந்த வீட்டில் சுற்றத்தார் கூடி உணவு கொடுத்து உண்ணச் செய்வர். காதலை இழந்தவருக்கு அத்தகைய சடங்கு எதுவும் இல்லை. சாதி அல்லது குடும்ப எதிர்ப்பினால் முறிந்த உறவாயின், துயரோடு அச்சமும் சேர்கிறது. ஆகவே நம்பகமான ஒருவரிடமேனும், அத்தை, சித்தி, அண்ணன், ஆசிரியர், நண்பர் என எவராயினும், செய்தியைச் சொல்லிவைத்தல் இன்றியமையாதது.

பெண்களின் நிலை மேலும் கடினமானது. செல்பேசி பறிக்கப்படுதல், கல்லூரி நிறுத்தப்படுதல், அவசரத் திருமணம் ஆகியவை சில வீடுகளில் நிகழ்கின்றன. "தனியே நடந்து வா" என்னும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. மொட்டை மாடி நடை, தோழியருடன் கோயிலுக்குச் செல்லுதல், விட்ட பாடங்களைத் தொடர்தல் முதலியன இயலக்கூடியவை. பெற்றோர் செய்யத்தக்க பேருதவி, படிப்பு நின்றுவிடாமல் காப்பதாகும்.

நினைவூட்டும் பொருள்கள் அனைத்தையும் தவிர்க்க இயலாது. தேவாரத்தை அடுத்த பண்ணைப்புரம் இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊர்; அவருடைய காதல் பாடல்கள் இவ்வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழகம் எங்கும் பேருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலிப்பவை. ஒரே பாடலைப் புதிய சூழல்களிலும் புதிய மனிதருடனும் பலமுறை கேட்கக் கேட்க, அதனுடன் ஒட்டிய வலி பெரும்பாலும் மெல்லக் குறைந்துவிடும்.

தேவைப்படும் காலம்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கம் ஒன்று தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. எனவே ஒருநாள் எழாமல் கிடந்ததையோ உண்ணாமல் இருந்ததையோ தோல்வியாகக் கருதாமல், மறுநாள் தொடர்வதே முறையாகும். எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்காமல், எழும் நேரம், உணவு, நடை என்னும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது எளிது.

உதவி நாட வேண்டிய நிலை

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் மருத்துவ உதவி நாடுதல் வேண்டும்:

• இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்முழுதும் நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை
• தொடர்ந்த உறக்கமின்மை அல்லது வெளிப்படையான உடல் மெலிவு
• நாள்தோறும் மது அல்லது உறக்க மாத்திரையை நாடுதல்
• வாழ வேண்டாம் என்னும் எண்ணம்

கடைசியாகக் கூறிய எண்ணம் தோன்றின் இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது. அவரைத் தனியே விடாது உடனிருத்தலும், வேளாண் குடும்பங்களில் பூச்சிக்கொல்லிகளை வீட்டிலிருந்து அகற்றி வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைத்தலும் உயிர் காக்கும் செயல்களாகும். அவ்வெண்ணம் உள்ளதா என நேரடியாகக் கேட்பது அதனைத் தூண்டாது. பேசுவதற்கு வழி திறக்கும்.

தேனி மாவட்டத்தினர் க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 2022-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும், 1986-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் (044-24640050) ஆலோசனை வழங்குகின்றன. மிரட்டலுக்கோ கட்டாயத் திருமணத்திற்கோ ஆளாகும் பெண்கள் 181 என்னும் எண்ணை அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

• மனச்சோர்வு
• பசலை
• உறக்கம்
• மெய்ப்பாடு
• தேவாரம் (தேனி மாவட்டம்)
• கம்பம் பள்ளத்தாக்கு