முதலில் விலைப் பட்டியல், பிறகு சவப்பெட்டி

அமெரிக்காவில் வீட்டில் ஒருவர் இறந்தால், அழுது ஓய்வதற்குள் குடும்பத்தார் ஒரு கடைக்குப் போயாக வேண்டும். அதற்கு ஃபியூனரல் ஹோம் என்று பெயர். உடலை எடுத்து வருவது, அது கெடாமல் பதப்படுத்தும் எம்பாமிங் செய்வது, பார்வைக்கு வைப்பது, அடக்கத்துக்கோ தகனத்துக்கோ கொண்டுபோவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சவப்பெட்டியையும் பெரும்பாலும் அங்கேயே விற்கிறார்கள். தொழில் சங்கமான நேஷனல் ஃபியூனரல் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உடலைப் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்யும் சடங்கின் இடைநிலைச் செலவு 8,300 டாலர். கல்லறை நிலத்தின் விலை இதில் சேராது. இந்தத் தொகைக்குள் பெரும்பாலும் விலை அதிகமான ஒற்றைப் பொருள் சவப்பெட்டிதான்.

சராசரிப் பெட்டி ஒன்றின் விலை 2,000 டாலரைத் தாண்டும். மஹோகனி மரத்திலும் வெண்கலத்திலும் செம்பிலும் செய்தவை 10,000 டாலர் வரை போகும். வாங்குகிறவர் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைதான் இதை வாங்குவார். விலை நிலவரம் தெரியாது, தள்ளிப்போட முடியாது, பேரம் பேச மனம் வராது. விற்கிறவருக்கோ இது அன்றாட வேலை. இந்த இரு தரப்புக்கும் இடையே அறுபது ஆண்டுகளாக நடக்கும் இழுபறி ஒரே விஷயத்தைப் பற்றியது: குடும்பத்தின் கண்ணில் முதலில் படுவது பெட்டியா, விலையா?

எல்லாச் செலவும் பெட்டியின் தலையில்

19ஆம் நூற்றாண்டில் நாற்காலி, மேசை செய்த தச்சர்களே சவப்பெட்டியும் செய்து விற்றார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு எம்பாமிங் பரவியது. பெட்டி செய்யும் வேலை மெல்ல மெல்லத் தொழிற்சாலைக்குப் போனது. இண்டியானா மாநிலத்தில் பேட்ஸ்வில் என்ற சிற்றூரில் 1884இல் தொடங்கிய நிறுவனம், அந்த ஊரின் பெயரோடு இன்றும் நாட்டின் மிகப் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருக்கிறது. உள்ளூர்க்காரர் கையில் மிஞ்சியது சேவையும் விற்பனையும்தான்.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல இடங்களில் தனித்தனிக் கணக்கு கிடையாது. பெட்டியின் மேல் ஒரே ஒரு விலை எழுதியிருக்கும். உடலைத் தயார் செய்யும் கூலி, கூடத்து வாடகை, வண்டிச் செலவு, லாபம் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அதனால் குடும்பம் எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததோ அதுவே மொத்தச் செலவையும் முடிவு செய்தது. விலை கூடிய பெட்டிக்கு மாறினால் சேவை கூடாது, பில் மட்டும் கூடும். பெட்டி அறையை எப்படி அமைப்பது என்பது தொழிலுக்குள் ஒரு தனிப் பாடமாகவே வளர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

கால் எந்தப் பக்கம் திரும்பும்?

அந்தப் பாடத்தை வகுத்தவர்களில் முக்கியமானவர் வில்பர் கிரீகர். நேஷனல் செலக்டட் மார்ட்டிஷியன்ஸ் என்ற தொழில் அமைப்பின் நிர்வாகியாக இருந்தவர். அறைக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புவார்கள் என்பது அவர் கணிப்பு. ஆகவே வலப்பக்கம் விசாலமான பாதை விட்டு, லாபம் தரும் பெட்டிகளை வரிசையாக வைக்க வேண்டும். மலிவானவை இடப்பக்க வரிசைக்குப் போக வேண்டும். இடப்பக்கத்துக்கு அவர் வைத்த பெயர் ‘எதிர்ப்புச் சந்து’. வலப்பக்கத்தில் மனம் ஒப்பாமல் பிடிவாதம் காட்டுகிறவர்கள் போய்ச் சேரும் இடம் அது.

காட்டும் வரிசைக்கும் ஒரு முறை உண்டு. இடைநிலை விலையைவிடக் கூடிய பெட்டியை முதலில் காட்ட வேண்டும். குடும்பம் தயங்கினால், தரத்திலும் தோற்றத்திலும் பளிச்சென்று வேறுபாடு தெரியும்படி ஒரு மலிவுப் பெட்டியின் பக்கம் அழைத்துப்போக வேண்டும். அதைப் பார்த்து முகம் சுளித்ததும், நடுவிலைக்குச் சற்று மேலே உள்ள மூன்றாவது பெட்டிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நம் ஊர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுத்துப் போடுகிறவருக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். ஆனால் அங்கே பிடிக்கவில்லையென்றால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போகலாம். இறந்தவரின் உடல் அதே கட்டடத்தில் இருக்கும்போது அப்படி எழுந்து போவது எளிதல்ல.

இந்த உத்திகளைத் தொழிலுக்கு வெளியே பரவலாகத் தெரியவைத்தவர் இங்கிலாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த எழுத்தாளர் ஜெசிக்கா மிட்ஃபோர்ட். 1963இல் வந்த அவருடைய ‘தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்’ பெரும் விற்பனை கண்டது. தொழிலின் கையேடுகளையும் இதழ்களையும் எடுத்துவைத்து, அவற்றின் சொற்களாலேயே அவர் அந்த அறையை வாசகருக்குத் திறந்து காட்டினார்.

உத்தி வெறும் கற்பனை இல்லை. பெட்டி வாங்க வருகிறவர், காட்டப்படும் முதல் மூன்று மாதிரிகளில் ஒன்றையே வாங்குகிறார், அதிலும் பெரும்பாலும் நடுவிலை உள்ளதையே வாங்குகிறார் என்று தொழில்துறை ஆய்வுகள் சொல்வதாக அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற வர்த்தக ஆணையமே நுகர்வோரை எச்சரிக்கிறது.

காகிதத்துக்கு முன்னுரிமை

பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு அந்த ஆணையம் கொண்டுவந்த ‘ஃபியூனரல் ரூல்’ 1984 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 1994இல் திருத்தப்பட்டது. இந்த விதியின்படி ஒவ்வொரு சேவைக்கும் பொருளுக்கும் தனித்தனி விலை சொல்ல வேண்டும். நேரில் வந்து விசாரிக்கிறவருக்குப் பொது விலைப் பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும், அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் விழலாம்.

விதியின் கூர்மை அது வகுத்த வரிசையில் இருக்கிறது. பெட்டிகளைக் காட்டுவதற்கு முன்பே பெட்டிகளின் விலைப் பட்டியலைக் காட்டிவிட வேண்டும். பெட்டியைச் சுற்றிக் கல்லறைக் குழிக்குள் இறக்கும் கான்கிரீட் கூட்டுக்கும் இதே முறைதான். எந்தப் பெட்டி எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை. மலிவுப் பெட்டி அறையில் இல்லாமலேகூட இருக்கலாம். ஆனால் விற்பனைக்கு இருந்தால் பட்டியலில் இருந்தாக வேண்டும். பட்டியலைப் பார்த்தவர், இது எங்கே இருக்கிறது என்று கேட்க முடியும். வலப்பாதையின் வேலையைக் காகிதம் அங்கே பாதியாகக் குறைத்துவிடுகிறது.

தகட்டின் கனமும் ரப்பர் பட்டையும்

பெட்டியின் விலையை ஏற்றுவது எது? எஃகுப் பெட்டி என்றால் தகட்டின் கனம். 20 கேஜ் மெல்லியது, 18 கேஜ் அதைவிடக் கனம், 16 கேஜ் இன்னும் கனம். எண் குறையக் குறைய விலை ஏறும். மரத்தில் பைன், பாப்லர் மலிவு. ஓக், செர்ரி, வால்நட் வழியாக மஹோகனி வரை விலை ஏறிக்கொண்டே போகும். உள்ளே விரிக்கும் துணி, கைப்பிடி, மூலைகளின் அலங்காரம் ஆகியவற்றுக்கும் தனி விலை.

அதிகம் சர்ச்சைக்குள்ளானது மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. ‘பாதுகாப்புப் பெட்டி’ என்ற பெயரில் இதற்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள். தண்ணீரும் மண்ணும் உள்ளே புகுவதை அது தாமதப்படுத்தலாம். ஆனால் எந்தப் பட்டையும் உடலைக் காலகாலத்துக்கும் கெடாமல் வைக்காது, அப்படிச் சொல்லி விற்பதை விதி தடைசெய்கிறது. கான்கிரீட் கூடும் இப்படித்தான். பொதுவாகச் சட்டம் அதைக் கேட்பதில்லை. மேல்மண் உள்வாங்காமல் இருப்பதற்காகக் கல்லறை நிர்வாகங்கள்தான் பல இடங்களில் கேட்கின்றன.

ஆறு பெட்டி வைக்க ஓர் அறை

1994 திருத்தம் இன்னொரு கதவையும் திறந்தது. குடும்பம் வெளியிலிருந்து பெட்டி வாங்கி வந்தால் ஃபியூனரல் ஹோம் அதை மறுக்கக்கூடாது என்பது முன்பே இருந்த விதி. அதற்காகத் தனிக் கட்டணமும் கேட்கக்கூடாது என்று திருத்தம் சேர்த்தது. 2004இல் பெருங்கடைத் தொடரான காஸ்ட்கோ சிகாகோ பகுதிக் கடைகளில் சவப்பெட்டி விற்கத் தொடங்கியது. 2009இல் வால்மார்ட் இணையத்தில் இறங்கியது.

சில மாநிலங்களின் சட்டங்கள் மட்டும் குறுக்கே நின்றன. லூசியானாவில் புனித ஜோசப் மடத்தைச் சேர்ந்த பெனடிக்டின் துறவிகளின் வழக்கு இதில் பெயர்பெற்றது. 2005இல் கத்ரீனா சூறாவளி, மடத்துக்கு வருமானம் தந்த மரக்காட்டை அழித்தது. தங்களை அடக்கம் செய்யத் தாங்களே செய்துவந்த எளிய மரப்பெட்டிகளைத் துறவிகள் 2007 முதல் வெளியாருக்கு 1,500, 2,000 டாலர் விலைகளில் விற்கத் தொடங்கினார்கள். ஃபியூனரல் தொழிலைக் கண்காணிக்கும் மாநில வாரியம் தடுத்தது. அப்போதைய சட்டப்படி பெட்டி விற்க வேண்டுமானால் உரிமம் பெற்ற ஃபியூனரல் ஹோமாக இருக்க வேண்டும். 30 பேர் அமரும் கூடம், ஆறு பெட்டிகளைக் காட்சிக்கு வைக்கும் அறை, எம்பாமிங் வசதி எல்லாம் வேண்டும். விற்பது வெறும் மரப்பெட்டி.

லூசியானாவில் அடக்கத்துக்குப் பெட்டியே கட்டாயமில்லை என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2013 மார்ச்சில் துறவிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. டென்னஸி மாநிலத்தின் இதே போன்ற தடை 2002இலேயே விழுந்திருந்தது. ஓக்லஹோமாவின் தடையை மட்டும் 2004இல் வேறொரு நீதிமன்றம் செல்லும் என்றது.

போட்டி வந்ததும் பெட்டியில் குறைந்த லாபத்தைப் பல நிறுவனங்கள் ‘அடிப்படைச் சேவைக் கட்டணம்’ வழியாக ஈடுகட்டின. வேண்டாம் என்று வாடிக்கையாளர் மறுக்க முடியாத ஒரே கட்டணம் அது. விலை ஒப்பிடுகிறவர்கள் பெட்டியின் விலையைத் தனியாகப் பார்த்தால் ஏமாறுவார்கள். மொத்தத்தைப் பார்க்க வேண்டும்.

தகனம் வந்து அறையை மாற்றியது

2015 வாக்கில் அமெரிக்காவில் தகனம் அடக்கத்தை முந்தியது. இன்று பத்தில் ஆறு பேர் தகனம் செய்யப்படுகிறார்கள். இருபது முப்பது முழுப் பெட்டிகள் நின்ற அறைகளில் இப்போது சுவரில் பொருத்திய கால்வாசித் துண்டுகளும் தொடுதிரைகளும் இருக்கின்றன. விடுபட்ட இடத்தை அஸ்திக் கலசங்கள் நிரப்பியிருக்கின்றன. அஸ்தியைப் பங்கிட்டு வைக்கும் சிறு கலசங்கள், சிட்டிகைச் சாம்பல் அடங்கும் பதக்கங்கள், இறந்தவரின் கைரேகை பதித்த மோதிரங்கள், வருகைப் பதிவேடுகள் என்று அலமாரிகள் நீள்கின்றன. ஒவ்வொன்றும் சிறு தொகை, கூட்டினால் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வரும். கலசம் வாங்காவிட்டாலும் அஸ்தி ஒரு சாதாரணப் பெட்டியில் கிடைத்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவில் வாழும் தமிழ் இந்துக் குடும்பங்களுக்குத் தகனச் செலவு பற்றிய விவரங்கள் முக்கியமானவை. அங்கே பெரும்பாலும் ஃபியூனரல் ஹோம் கூடத்தில் உடலைச் சில மணி நேரம் வைத்து, சடங்கு முடித்து, தகனத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எரியப்போகிற பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. தகனத்துக்குச் சவப்பெட்டி வேண்டும் என்று எந்த மாநிலச் சட்டமும் சொல்லவில்லை. நேரடித் தகனம் செய்து தரும் நிறுவனங்கள், அழுத்திய மரத்தாலோ அட்டையாலோ ஆன எளிய பெட்டியை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பார்வைக்கு வைக்க நல்ல பெட்டி வேண்டுமென்றால் பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். உள்தட்டு மட்டும் உடலோடு எரியும், வெளிப்பெட்டி கடைக்குத் திரும்பும்.

இன்னும் மூடாத ஓட்டை

1984இன் விதி, வாடிக்கையாளர் நேரில் வருவார் அல்லது தொலைபேசியில் கேட்பார் என்று வைத்து எழுதப்பட்டது. விலையை இணையதளத்தில் போட வேண்டும் என்று அதில் இல்லை. ஆணையத்தின் அலுவலர்கள் ஏறக்குறைய 200 இணையதளங்களைப் பார்த்து 2022இல் அறிக்கை தந்தார்கள். 60 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் விலை விவரம் சிறிதளவே இருந்தது, அல்லது அறவே இல்லை. அடுத்து, வாடிக்கையாளர்போல 250க்கும் மேற்பட்ட நிறுவனங்களை அழைத்துப் பேசிப் பார்த்தார்கள். 39 நிறுவனங்களுக்கு 2024 ஜனவரியில் எச்சரிக்கைக் கடிதம் போனது. இணையத்தில் விலையைக் கட்டாயமாக்கலாமா என்று ஆணையம் கருத்துக் கேட்டு, பயிலரங்கும் நடத்தியது.

கையில் இருக்கும் உரிமை தொலைபேசி அளவில்தான் நிற்கிறது, ஆனால் அதுவே கணிசமானது. துக்கத்தில் நேரடியாக மூழ்காத உறவினர் ஒருவர், கட்டடத்துக்குள் கால் வைக்கும் முன் இரண்டு மூன்று இடங்களை அழைத்து அடிப்படைக் கட்டணம், நேரடித் தகனம், மிக மலிவான பெட்டி ஆகியவற்றின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பச் சட்டக் கட்டாயம் இல்லையென்றாலும், கேட்டால் அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்ப மறுக்கும் இடத்தைப் பற்றி அந்த மறுப்பே ஒரு தகவல்.