திரும்பி வந்த ஈரல் நோய்: மாத்திரைக்கு ஒரு வாசல், படுக்கைக்கு ஒரு வாசல்

ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய்க்கு 12 வாரம் மாத்திரை உட்கொண்டு, உடம்பு தேறிவிட்டதென்று நம்பி ஆலை வேலைக்குத் திரும்பிவிட்ட ஒருவருக்கு, மருந்து முடிந்து மேலும் 12 வாரம் கழித்து எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனையில் கிருமி மறுபடியும் தலைகாட்டுமானால், ராஜபாளையத்திலாயினும் ஸ்ரீவில்லிபுத்தூரிலாயினும் வீட்டார் முதலில் தேடுவது பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத்தான். அது இயல்பே. ஆயினும் இந்த ஒரு வியாதியைப் பொறுத்தவரை அந்த அட்டை திறக்கும் வாசல் வேறு, மாத்திரை கிடைக்கும் வாசல் வேறு; தவறான வாசலில் காத்துக் கிடக்கும் நாட்கள், ஏற்கெனவே தழும்பேறிய ஈரலுக்கு நஷ்டமான நாட்களேயாகும்.

அட்டையைத் தேடுவதற்கும் முன்னே தீர்த்துக்கொள்ள வேண்டிய சந்தேகம் ஒன்றுண்டு. நோய் பூரணமாகக் குணமான பின்னும், அக்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் பெரும்பாலோர் இரத்தத்தில் வெகுகாலம் தங்கியிருக்கும். ஆகவே அறுவைச் சிகிச்சைக்கு முன்பு எடுக்கப்படும் ‘ஆன்டி எச்.சி.வி.’ பரிசோதனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்ததைக் கண்டு நோய் திரும்பிவிட்டதென்று கலங்குவது காரணமற்ற கலக்கம். பார்க்க வேண்டியது ‘எச்.சி.வி. ஆர்.என்.ஏ.’ என்று தலைப்பிட்ட தாள். அதில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்றிருந்தால் கிருமி தென்படவில்லை; ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் ‘ஐ.யு./எம்.எல்.’ என்ற அளவும் இருந்தால் கிருமி இருக்கிறது. அந்த எண் லட்சக்கணக்கில் இருப்பதனாலேயே ஈரல் அதிகம் கெட்டுவிட்டதென்று அர்த்தமாகாது. ஈரலின் ஸ்திதியை அறிய ஃபைப்ரோஸ்கேன், ஸ்கேன், இரத்தத் தட்டணுக்களின் கணக்கு முதலிய வேறு சான்றுகள் உண்டு. டயாலிஸிஸ் செய்துகொள்பவரிடத்திலும் ஊசிவழிப் போதைப் பழக்கமுள்ளவரிடத்திலும், பழைய கிருமியே மீண்டதா, புதிதாகத் தொற்றியதா என்பதையும் வைத்தியர் ஆராய்வார். புதுத் தொற்றாயின் முதன்முறை சிகிச்சைக்குரிய மருந்துகளே பெரும்பாலும் போதுமானவை.

நோய் ஏன் திரும்புகிறது? ஈரல் சுருங்கி சிரோசிஸ் என்னும் நிலையை எட்டியிருத்தல், இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் 3-ஆம் மரபணு வகைக் கிருமியாக இருத்தல், மாத்திரையை இடையிடையே விட்டுவிடுதல் ஆகியவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். யாரும் அதிகம் கேளாத காரணம் ஒன்று நம் ஊர்ப் பக்கத்துக்கு விசேஷமாகப் பொருந்தும். வயிறு உப்புசம் என்றாலும் நெஞ்செரிச்சல் என்றாலும், மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கிக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ‘கேஸ் மாத்திரை’யை நாம் மருந்தென்றே கருதுவதில்லையாதலால், வைத்தியர் ‘வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று வினவும்போது அதைச் சொல்வதுமில்லை. ஆனால் இந்நோய்க்குக் கொடுக்கும் வெல்பட்டாஸ்விர் என்னும் மருந்து உடலில் சேர வயிற்றின் அமிலம் வேண்டும். பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் வகைகள் அந்த அமிலத்தையே அடக்கிவிடுவதால், மருந்து வயிற்றுக்குள் போயும் இரத்தத்தில் போதிய அளவு ஏறாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், கார்பமசெபின், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஆகியவையும் இம்மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும். கீழாநெல்லியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை: மஞ்சள் காமாலைக்கு அதன்மேல் நமக்குள்ள பக்தியை நான் பரிகசிக்கவில்லை, ஆனால் ஹெபடைட்டிஸ் சி கிருமியை அது ஒழித்ததாக நிரூபணம் இல்லை.

ஒருமுறை தப்பிப் பிழைத்த கிருமி, பெரும்பாலும் அம்மருந்தை எதிர்க்கும் மாறுதலோடு பிழைக்கிறது. ஆதலால் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மறுபடி 12 வாரத்துக்கு வாங்குவதில் அனுகூலம் சொற்பம். இந்நிலைக்கென்றே சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர், வாக்ஸிலாப்ரெவிர் என்ற மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த மாத்திரைக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதனால் குணமடைவோர் 100-க்கு 95-க்கும் மேல். 2018-இல் தொடங்கிய நம் தேசியத் திட்டத்தின் மருந்துகளில் அம்மூன்றாவது மருந்து சேர்க்கப்படவில்லை. அது கிடைக்காத இடங்களில் கைக்கொள்ளப்படும் வழி, சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் ரிபாவிரின் என்னும் பழைய மருந்தோடு சேர்த்து 24 வாரம் உட்கொள்வது. இவ்வகையில் சிகிச்சை பெற்ற 69 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில் 100-க்கு 91 வீதம் குணம் கண்டது, 3-ஆம் வகைக் கிருமிக்காரர்களிடம் மட்டும் அது குறைவு. ரிபாவிரின் இரத்தச் சோகையை உண்டாக்கக்கூடியது. கருவுக்குக் கேடு விளைவிப்பது. ஆகையால் மருந்து உண்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், சிகிச்சைக் காலத்திலும் முடிந்து குறைந்தது 6 மாதம் வரையிலும் தம்பதிகள் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

இனி இம்மருந்துகளின் விலையைப் பார்ப்போம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு சோஃபோஸ்புவிர் மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். அத்தொகையைக் கண்டு மிரண்ட அந்நாட்டுக் காப்பீட்டாளரும் மாகாண மருத்துவ உதவித் திட்டங்களும், ஈரல் பெருமளவு தழும்பேறிய பிறகே மருந்து என்று விதி செய்தனர். 2016 மே மாதத்தில் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு நீதிபதி அவ்விதியை நிறுத்த உத்தரவிட நேர்ந்தது. நம் நாட்டில் அத்தகைய வழக்குக்கு அவசியம் ஏற்படவில்லை. இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்று 2015-இல் அதே மருந்தை 28 மாத்திரை கொண்ட புட்டி சுமார் ரூ.20,000 என்று வெளியிட்டன. பின்னர் விலை மேலும் இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, அரசு மருத்துவமனைச் சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாயின.

இங்கேதான் இரண்டு வாசல்களின் சூட்சுமம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது; ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவுகிறது. பழைய நோய் என்று சொல்லி ஒருவரையும் அது ஒதுக்குவதில்லை. ஆனால் அதன் அமைப்பு பெரும்பாலும் படுக்கையைச் சுற்றியது. மகோதரம் கண்டு வயிற்றில் நீர் கட்டினாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, ஈரல் மாற்றம் வரை போனாலோ அந்த அட்டை பேருபகாரம் செய்யும். வீட்டிலிருந்தபடி 24 வாரம் விழுங்கும் மாத்திரைக்கு அதை நீட்டிப் பிரயோஜனமில்லை. மாத்திரைக்குரிய வாசல் தேசியத் திட்டம். விருதுநகர் மாவட்டத்து நோயாளி அரசு மருத்துவமனையில் கேட்க வேண்டியது, நோய் திரும்பியவர்களைக் கவனிக்கும் மாதிரிச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு. முதல்முறை எந்த மருந்து, எத்தனை வாரம், எத்தேதியில் முடிந்தது, 12 வாரம் கழித்து வந்த ஆர்.என்.ஏ. முடிவு என்ன என்ற நான்கும் எழுத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்தே தொடங்கும். காலி மாத்திரைப் புட்டியைக்கூட எறிந்துவிடாமல் கொண்டுபோவது நல்லது.

ராஜபாளையம் நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியின் பாண்டேஜ் துணித் தறிகளிலும் உழைப்போரில் மாதச் சம்பளம் ரூ.21,000-க்குட்பட்டு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் பதிவுள்ளவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அங்கே வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்கும் உரிமை உண்டு என்பது அதன் தனிச்சிறப்பு. சிவகாசியிலும் மதுரையிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. ரிபாவிரினால் சோர்ந்து வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 100-க்கு 70 வீதம் நோய்க்காலப் பணம் பெறலாம்; மகோதரத்தோடு கூடிய ஈரல் சுருக்கம் போன்ற நீண்ட நோய்களுக்கு அது 80 வீதமாகி, மேலும் நெடுநாள் நீளும். மாத்திரை இலவசமானாலும் மதுரைக்குப் போய்வரும் நாளின் கூலி இலவசமாகாது என்பதை நினைத்தால், இந்தப் பணத்தின் அருமை விளங்கும்.

தனியார் பாலிசி வைத்திருப்போரின் சங்கடம் வேறு. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருக்கும் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. 60 மாதம் இடையறாது சந்தா கட்டியவரிடம், மோசடி நிரூபணமானாலொழிய, நோயைச் சொல்லாமல் மறைத்தார் என்று காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ள முடியாது. முதல் சிகிச்சையைப் பாலிசி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுப்பதே பின்னால் வரும் வழக்கை முன்கூட்டியே தடுப்பதாகும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு முறையிட்டு, 1 மாதத்தில் பதில் வாராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, 1 ஆண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். மாவட்ட நீதிமன்றத்தையே ஊருக்குள் வைத்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு வழக்கென்றால் வக்கீல் நினைவுக்கு வருவது சகஜம். ஆம்புட்ஸ்மனிடம் வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.