மஞ்சவாடி மழையில் எந்த டயர்?

ஐப்பசி பிறந்துவிட்டால் அரூர் பஞ்சர் கடைகளில் பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பெரிய பட்டன் போட்டுக்கலாமா?" பதினெட்டு வருஷமாக மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிறவன் நான். அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பெரிய பட்டன் என்று நாம் சொல்வது மட் டெரைன், சுருக்கமாக எம்.டி. அதைவிட நெருக்கமான பட்டன் உள்ளது ஆல் டெரைன், ஏ.டி. எம்.டி.யைப் புரிந்துகொள்ள டிராக்டரின் பின்சக்கரத்தைப் பார்த்தால் போதும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. சக்கரம் சுற்றச் சுற்ற அங்கே அப்பிய சேறு வெளியே தெறித்துவிடும். பட்டை மறுபடி மண்ணைக் கடிக்கும். எம்.டி.க்கும் அதே வேலைதான். ஏ.டி. பட்டன்களில் பிளேடால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் இருக்கும். நனைந்த தார் ரோட்டில் பிடி கொடுப்பது அந்தக் கோடுகள். செம்மண்ணிலும் சரளையிலும் ஏ.டி. தாராளமாகப் போகும். களிமண்ணில் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டால் மட்டும் அதுவும் மொட்டை டயர் மாதிரிதான்.

ஒரு கார்த்திகையில் கோட்டப்பட்டி பக்கம் கிழங்குக் காட்டில் வண்டி மாட்டிக்கொண்டது. டிராக்டர் வந்து இழுக்க இரண்டு மணி நேரம். அடுத்த வாரமே பின்சக்கரம் இரண்டுக்கும் எம்.டி. போட்டேன். காட்டில் அருமையாக ஏறியது, மறுக்க மாட்டேன். பத்தாவது நாள் சேலத்துக்கு லோடு ஏற்றிப் போகும்போது மஞ்சவாடி கணவாயில் தூறல். வளைவில் பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நழுவி ஓரக் கல்லை உரசியது. எதிரே பஸ் வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

காரணம் பிறகு விளங்கியது. பட்டன்களுக்கு நடுவே அவ்வளவு இடம் விட்டால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது. ஈரத்தில் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். முன்னால் ஒரு ரகம், பின்னால் ஒரு ரகம் என்று போட்டதில் இரண்டு பக்கத்துப் பிடியும் வேறு வேறாகிவிட்டது. அது என் தவறு. உயரமான பட்டன் தாரில் நெளிந்து நெளிந்து சீக்கிரம் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும், இரைச்சல் வேறு.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். அரூரிலிருந்து சேலம் போய்வர சுமார் 120 கி.மீ. அதில் சேறு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அந்த ஒரு கிலோமீட்டருக்காக மீதித் தூரம் முழுவதும் உயிரைப் பணயம் வைப்பதா? நான்கு சக்கரத்துக்கும் ஏ.டி. மாற்றினேன். மஹிந்திராவே 2020இல் வந்த தன் 'தார்' ஜீப்பை ஏ.டி. டயரோடுதான் விற்பனைக்கு அனுப்பியது.

சித்தேரி மலையில் தார் போடாத தடங்களில் தினமும் ஏறி இறங்கும் ஃபோர் வீல் ஜீப்காரர்களுக்கு எம்.டி. தேவைதான். அங்கே கூர்க்கல் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், எம்.டி.யின் சுவர் தடிமன். நம் பிக்கப்பில் இழுப்பது பின்சக்கரம் மட்டுமே. வெறும் வண்டியாகக் காட்டுக்குள் போகும்போது பின்னால் பாரம் இல்லாமல் சக்கரம் சும்மா சுற்றும். எந்த டயர் போட்டாலும் ஓரளவுக்குத்தான். ஈரம் காயாத காட்டுக்குள் வண்டியை விடாமல், மூட்டையை வரப்புக்குக் கொண்டுவரச் சொல்வது கூலி கொஞ்சம் கூடினாலும் லாபம்.

வாங்கும்போது பாரம் தாங்கும் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். சொகுசு காருக்கான ஏ.டி. கிழங்கு லோடு தாங்காது, அளவோடு எல்.டி. என்ற எழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் டயர் பிறந்த தேதி: 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். நான் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுகிறேன். இந்த ஐப்பசிக்கு முன் உங்கள் வண்டியின் நான்கு டயரையும், ஸ்டெப்னியையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.