சரக்கின் பெயரும் குடியானவரின் சொல்லும்

மஞ்சள் பயிரிடும் குடியானவர் ஒன்பது மாத காலம் நீர் பாய்ச்சிக் களையெடுத்து, கிழங்கை வெட்டி, வேக வைத்து, உலர்த்தி, மெருகேற்றி விற்பனைக்குக் கொண்டு போகிறார். வியாபாரியின் கிடங்கில் பல ஊர்ச் சரக்கோடு கலந்தவுடன் அவருடைய உழைப்புக்குரிய அடையாளம் மறைந்து போகின்றது. நன்றாகப் பக்குவம் செய்தவருக்கும் அரைகுறையாக உலர்த்தியவருக்கும் அதன் பிறகு பேதமில்லை. இதனால் சிலர் தாமே அரைத்துப் பொட்டலமாகக் கட்டிச் சொந்தப் பெயரில் விற்க முற்பட்டிருக்கின்றனர். சரவணம்பட்டியைச் சுற்றிக் கம்பெனிகளும் அடுக்கு மாடி வீடுகளும் பெருகிவிட்டமையால் வாங்குவோர் வாசலிலேயே இருக்கின்றனர். ஆயின், பொட்டலத்தின் மேல் எதை எழுதுவது என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விற்பவர் தமது காளையை எவ்வளவு புகழ்ந்தாலும், வாங்குபவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகே பணத்தை அவிழ்ப்பார். மஞ்சள் பொடிக்குப் பல் கிடையாது. வாங்குபவர் நம்பத்தக்கது மேலே எழுதிய சொல் ஒன்றே. ஆகையால் அச்சொல் சரக்கைப் போலவே கலப்பற்றதாயிருத்தல் வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். சரவணம்பட்டிக்கு வடக்கே இரண்டு ஏக்கரில் மஞ்சள் வைக்கும் குடியானவர் ஒருவர், அச்சாபீஸில் காட்டிய மாதிரியைப் பார்த்து, "உலகத் தரம் வாய்ந்தது", "இணையற்றது" என்று அச்சடித்து, மேலே ஒரு பனிமலையின் படத்தையும் போட்டார். அதே கடையிலிருந்த வேறு நாலு பொட்டலங்களிலும் அதே சொற்கள் இருந்தன. ஒரு முறை வாங்கியவர் மறுமுறை வந்தபோது, இவருடையது எதுவென்று அறியாமல் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போனார்.

இதை எழுதுகிறவன் அவரிடம், "மஞ்சளை நீங்கள் எப்படிப் பக்குவம் செய்கிறீர்கள்?" என்று கேட்க, அவர் விவரமாகச் சொன்னார். "சொன்னதையே எழுதுங்கள்" என்றேன். மறு தடவை அச்சடித்தது வருமாறு: "எங்கள் தோட்டத்து விரலி மஞ்சள். தை மாதம் வெட்டியது. கொப்பரையில் வேக வைத்துப் பன்னிரண்டு நாள் வெயிலில் உலர்த்தியது. சாயம் சேர்க்கவில்லை." இதில் அலங்காரம் ஒன்றுமில்லை, ஆனால் வேறெவரும் தமதென்று எடுத்துக்கொள்ளக்கூடிய வாக்கியமும் இல்லை.

உண்மையான சோதனை அடுத்த வருஷம் வந்தது. களத்தில் காயும்போது மழை பிடித்து, மஞ்சளின் நிறம் மங்கிவிட்டது. வெளிச் சரக்கை வாங்கி அதே பையில் அடைக்கும்படி உறவினர் யோசனை கூறினர். அவர் இணங்கவில்லை. "இவ்வருஷம் காயும்போது மழை பிடித்தது, நிறம் சற்றுக் குறைவு, விலையும் குறைவு" என்று சீட்டு ஒட்டி விற்றார். அவ்வருஷம் வருமானம் குறைந்தது. வாங்குவோர் சிலர் விலகினர். பெரும்பாலோர் நிலைத்தனர். நல்ல வருஷத்தில் அவர் கூறுவதை நம்புவதற்கு, கெட்ட வருஷத்தில் கூறியதே ஆதாரமாயிற்று.

இத்தகைய நாணயத்துக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் 1937-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அக்மார்க் முத்திரை அதன்படி வழங்கப்படுவதே. அனுமதி பெற்றவர், சரக்கைப் பரிசோதித்துத் தரம் கண்ட பின்னரே அதனை இட வேண்டும். ஊரின் பெயரைக் காப்பதற்குரிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் அமுலுக்கு வந்தது. இந்தியாவில் முதன் முதல் இப்பதிவைப் பெற்றது டார்ஜீலிங் தேயிலை. 2019-ல் ஈரோடு மஞ்சளுக்கும் இது கிடைத்தது. ஈரோடு ஜில்லாவோடு, நமது ஜில்லாவின் அன்னூர், தொண்டாமுத்தூர் வட்டாரங்களும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

ஆயினும் அப்பெயர் ஒருவருடைய தனிச் சொத்தன்று. அதனை விற்கவோ, அடமானம் வைக்கவோ சட்டம் இடங்கொடுக்கவில்லை. விளைவிப்பவர் தம்மை உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். பொய்யாக உபயோகிப்போருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும், ஐம்பதாயிரம் ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஒருவர் செய்யும் கலப்படம் ஊரார் அனைவருடைய விலையையும் குறைக்குமாதலால் இக்கண்டிப்பு அவசியமே.

கலப்படத்தினால் நேரும் தீங்கு பணத்தோடு நிற்பதில்லை. நிறத்துக்காகச் சிலர் சேர்க்கும் ஈயக் குரோமேட் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷமாகும். வங்காள தேசத்தில் 2019-ல் சோதித்த கடைத்தெரு மஞ்சளில் நூற்றுக்கு 47 மாதிரிகளில் இக்கலப்பு தென்பட்டது. அரசாங்கம் எச்சரிக்கையும் தண்டனையும் மேற்கொண்டபின் 2021-ல் ஒன்றிலும் காணப்படவில்லை. "சாயம் சேர்க்கவில்லை" என்ற சொல்லுக்கு எத்துணை மதிப்பு உண்டென்பது இதனால் விளங்கும்.

சொந்தப் பெயரில் விற்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. தோட்டத்திலும் களத்திலும் நடந்ததை மட்டும் எழுதுக. காட்ட முடியாததை எழுதலாகாது.

2. வீட்டில் பேசும் தெளிவான தமிழில் எழுதுக. விரலி, கிழங்கு என்ற வேறுபாட்டையும் குறிப்பிடுக.

3. பையிலும், கடையிலும், தொலைபேசியிலும் ஒரே செய்தியையே கூறுக. பெயரையும் படத்தையும் அடிக்கடி மாற்றலாகாது.

4. நிகர எடை, கட்டிய தேதி, விலை, விலாசம், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் ஆகியவற்றைத் தவறாது அச்சிடுக.

5. குறை கூறி வருபவருக்குச் சாக்குச் சொல்லாமல் சரக்கை மாற்றிக் கொடுத்து, காரணத்தையும் கூறுக.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. "எங்கள் தோட்டத்தில் விளைந்தது" என்னும் சொல்லுக்கு அடங்கலில் உள்ள பதிவே சாட்சி. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதை நேரில் பார்த்துப் பதிவு செய்தால், உண்மையான குடியானவரின் பெயர் காப்பாற்றப்படும்.

வரும் தை மாத வெட்டுக்கு முன்பே, தங்கள் பொட்டலத்தில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "வாங்குபவர் தோட்டத்துக்கு வந்தால் இதை நேரில் காட்ட முடியுமா?" என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக. முடியாததை அடித்துவிடலாம். எஞ்சி நிற்பது இரண்டே வரியாயினும் அதுவே போதுமானது.