அலுவலகத் தொலைபேசியின் கலைச்சொற்கள்

நூறு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நூறு பேரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுவதில்லை. எனவே ஆளுக்கொரு இணைப்பு வாங்காமல், சில இணைப்புகளை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் போதும். அதற்காக அலுவலகத்துக்குள்ளேயே அமைக்கப்படும் சிறிய எக்ஸ்சேஞ்சுதான் பி.பி.எக்ஸ். இந்தியாவில் இது இ.பி.ஏ.பி.எக்ஸ். என்றும் வழங்குகிறது.

இதன் ஒரு பக்கம் எக்ஸ்டென்ஷன்கள்: மேசைதோறும் உள்ள தொலைபேசிகள். ஒவ்வொன்றுக்கும் 214 போன்ற குறுகிய எண் உண்டு. உள்ளுக்குள் பேச அந்த எண் போதும், கட்டணம் இல்லை. மறுபக்கம் டிரங்க் லைன்கள்: தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இணைப்புகள். வெளியே பேச விரும்புபவர் முதலில் 0 அல்லது 9 அழுத்தி, காலியாக உள்ள ஒரு டிரங்கைப் பிடிக்கிறார்.

எத்தனை டிரங்க் தேவை என்பதற்குக் கணக்கு உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங் 1917இல் அதற்கான சூத்திரத்தை வெளியிட்டார். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங். மணிக்கு 20 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்றால் மொத்தம் 60 நிமிடம், அதாவது ஓர் எர்லாங். ஒரே லைன் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசையாக வருவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒரே டிரங்க் இருந்தால் பாதி அழைப்புகளுக்கு லைன் கிடைக்காது. நான்கு இருந்தால் அந்த இழப்பு 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

பெரிய நிறுவனங்கள் தனித்தனி டிரங்குகளுக்குப் பதில் பி.ஆர்.ஐ. இணைப்பு வாங்குகின்றன. இந்தியாவில் ஒரு பி.ஆர்.ஐ. வழியே ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். அதோடு டி.ஐ.டி. எண்களும் பெறலாம்: வெளியாள் அந்த எண்ணை அழைத்தால் ஆபரேட்டர் குறுக்கிடாமல் நேரே குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனில் மணி அடிக்கும்.

வந்த அழைப்பைக் காத்திருக்க வைப்பது ஹோல்டு. வேறொருவருக்கு மாற்றுவது டிரான்ஸ்ஃபர். சாதாரணத் தொலைபேசியில் ஃப்ளாஷ் பொத்தானை அழுத்தினால் லைன் ஒரு நொடிக்கும் குறைவாகத் துண்டிக்கப்படுகிறது. அந்தச் சிறு இடைவெளியைக் கட்டளையாகக் கொண்டு எக்ஸ்சேஞ்ச் மீண்டும் டயல் டோன் தரும். 214 அழுத்தி, அழைப்பவர் யாரென்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தால் இருவரும் இணைந்துவிடுவார்கள். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குத் தானாகத் தாவும் எக்ஸ்டென்ஷன் வரிசை ஹன்ட் குரூப். பக்கத்து மேசையில் அடிக்கும் அழைப்பைத் தன் மேசையிலிருந்தே எடுப்பது பிக்கப்.

ஆபரேட்டருக்குப் பதில் பதிவுக் குரலால் வரவேற்று உரிய பிரிவுக்கு அனுப்புவது ஆட்டோ அட்டெண்டன்ட். ஐ.வி.ஆர். அதற்கும் ஒரு படி மேல். கணினியில் தேடி வங்கி இருப்பு போன்ற விவரத்தையும் சொல்லும். அழுத்திய எண்ணை இவை ஒலியால் அறிகின்றன. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்புகிறது: 5 என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ்.

இன்று குரல் இணையம் வழியே பொட்டலங்களாகப் போகிறது, இதுவே வி.ஓ.ஐ.பி. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறை எஸ்.ஐ.பி.; 1999இல் தரநிலையாக வெளியானது. டிரங்க் இப்போது செம்புக் கம்பியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எஸ்.ஐ.பி. டிரங்க் வாங்கும்போதும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.