பழைய காரும் சரியான கணக்கும்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

பழைய சொகுசுக் காரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பது செல்வரின் கவலை. பேருந்துக்குக் காத்து நிற்கும் நமக்கு அது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் என் பெரியப்பா தம் கணக்கு நோட்டை என் முன் வைத்து, "வணிகவியல் படிக்கிறாயே, இதற்கு ஒரு வழி சொல்" என்றார்.

பெரியப்பா வெல்ல மண்டி வைத்திருப்பவர். புதிதாக 40 லட்சத்துக்கு மேல் விற்ற வெளிநாட்டுக் கார் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் 6 லட்சத்துக்கு வாங்கினார். அதன்பின் பழுதுக்கு 3 லட்சம் செலவாயிற்று. இப்போது கியர் பெட்டி போய்விட்டது. சரி செய்ய இரண்டரை லட்சம் ஆகுமாம். கையில் இருப்பதோ அக்காவின் மேற்படிப்புக்கு ஒதுக்கிய பணம். "9 லட்சம் போட்ட வண்டியை எப்படியடா விடுவது?" என்றார்.

முதலில் ஓர் உண்மையை உணர வேண்டும். காரின் விலை ஆண்டுதோறும் தேய்கிறது. உதிரிப் பாகத்தின் விலை அவ்வாறு தேய்வதில்லை. 40 லட்ச ரூபாய்க் காருக்குரிய பாகத்தை நாம் 3 லட்ச ரூபாய்க் காருக்கு வாங்குகிறோம். மேலும், சொகுசு கூடக் கூடப் பாகங்களும் கூடுகின்றன. சாதாரணக் காரைத் தாங்குவது இரும்புச் சுருள்வில். 1998-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்புக் காரிலோ காற்றடைத்த தாங்கிகள் இருந்தன. இத்தகைய தாங்கியில் உள்ள ரப்பர், வண்டி ஓடாவிட்டாலும் முதுமையடையும். அதில் காற்று கசிந்தால், ஈடுகட்ட ஓயாமல் ஓடும் காற்றழுத்தியும் கெடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். போய்விட்ட 9 லட்சத்தைப் பொருளியலார் 'மூழ்கிய செலவு' என்பர். பழுது பார்த்தாலும் விற்றாலும் அது திரும்பாது. ஆகவே முடிவில் அதற்கு இடமில்லை. பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக உருவாக்கிய கன்கார்டு விமானம் இலாபம் தராது என்று தெரிந்த பின்னும், செலவழித்ததை எண்ணியே மேலும் செலவழித்தன. 1976-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய அது 2003-இல் ஓய்வு பெற்றது. இத்தகைய பிழைக்குக் 'கன்கார்டு மயக்கம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெரியப்பாவின் கார் உள்ளபடியே ஒன்றரை லட்சத்துக்குப் போகும். அதை விற்காமல் பழுது பார்த்தால், அந்த ஒன்றரையும் பழுதுச் செலவு இரண்டரையும் சேர்ந்து 4 லட்சம் ஆகிறது. பழுது பார்த்த காரின் சந்தை விலையோ 3 லட்சம். இனி அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: "இன்று என்னிடம் காரே இல்லை, கையில் 4 லட்சம் இருக்கிறது. இதே காரை வாங்குவேனா?"

எப்போதும் மாற்றுவதே சரி என்று கூறவில்லை. புதிய கார் முதல் சில ஆண்டுகளில்தான் மிகுதியாகத் தேய்கிறது. கடன் வட்டியும் காப்பீடும் வேறு. உடற்பகுதி துருவேறாமல், பழுது ஒன்றே ஒன்றாய், பாகம் எளிதில் கிடைக்குமானால் பழுது பார்ப்பதே சிக்கனம். பழுதுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வருமானால் அடுத்த ஆண்டின் செலவையும் இன்றே கணக்கில் எழுதிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவும் மறக்கத் தக்கதன்று.

பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காரைக் கழுவித் துடைத்து விற்றார். மண்டி வருமானத்தில் கொஞ்சம் சேர்த்துச் சிறிய கார் ஒன்றை வாங்கினார். அக்காவின் படிப்புப் பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது.

நம்மிடம் கார் இல்லாமல் இருக்கலாம். பழைய மிதிவண்டி உண்டு. பிடிக்காமல் தொடரும் படிப்பு உண்டு. "இவ்வளவு செலவழித்தாயிற்றே" என்று மனம் சொல்லும்போதெல்லாம், இனி ஆகப்போகும் செலவையும் இனி வரப்போகும் பயனையும் மட்டும் எதிரெதிரே எழுதிப் பார்ப்போமாக!