உங்களுக்குத் தெரியுமா? கேட் கீப்பரைக் கூடவே ஏற்றிச் சென்ற ரயில்!

2019-ல் அறந்தாங்கி வழியாக மீண்டும் ஓடத் தொடங்கிய திருவாரூர் – காரைக்குடி ரயில், கேட் கீப்பர்களைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு போனது! ஆளில்லாத ஒவ்வொரு கேட்டிலும் ரயில் நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிப்போய்க் கேட்டைச் சாத்துவார். கடந்ததும் ரயில் மறுபடி நிற்கும். பின்பெட்டிக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கி.மீ. போக ஆறு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது.

● இங்கே மீட்டர் கேஜ் ரயில் 2012-ல் நின்றது. அகலப்பாதை வேலை முடிய ஆண்டுகள் ஆயின.

● 1903-ல் அறந்தாங்கிக்கு ரயிலைக் கொண்டுவந்தது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. அதற்காக நிலவரியோடு தனி வரி வசூலித்தார்கள். விவசாயிகள் காசில் வந்த தடம். புல் முளைக்க விடாமல் மீட்டது நியாயமான காரியம்.

● அறந்தாங்கி இருக்கும் புதுக்கோட்டைச் சீமைக்காரர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில், பழைய ரயில் தடத்தின் கதை வேறு. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான். தண்டவாளம் பெயர்த்த அந்த 24 கி.மீ. தடத்தில் இன்று நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். புக்கிட் தீமாவின் பழைய இரும்புப் பாலங்களைப் பெயர்க்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றின்மேல் நடந்தே போகலாம்.